ஒளியே வரவு, நீரே செலவு

பெங்களூரின் மல்லேஸ்வரத்தில் இரண்டு முதன்மைச் சாலைகளுக்கு மரங்களின் பெயர்களே வழங்குகின்றன. சம்பிகே சாலை என்பது செண்பகச் சாலை. மார்கோசா சாலை என்பது வேம்புச் சாலை. இப்பகுதிக்குப் பெயர் தந்த சிவன் கோவிலையும் மக்கள் 'காடு மல்லேஸ்வரர் கோவில்' என்றே அழைக்கின்றனர். காடு என்னும் சொல்லுக்குத் தமிழில் உள்ள பொருளே கன்னடத்திலும் உண்டு. பின்னாளில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் ஏகோஜியின் பெயர் இக்கோவிலின் வரலாற்றோடு இணைத்துப் பேசப்படுவதால், தமிழருக்கும் இவ்விடத்தோடு ஓர் உறவு உண்டு.

1898-ஆம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. நெருக்கமான பழைய பேட்டைத் தெருக்களிலிருந்து மக்களை வெளியேற்றிக் காற்றும் வெளிச்சமும் நிறைந்த இடங்களில் குடியமர்த்த வேண்டிய தேவை எழுந்தது. மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அவ்வாறே விரைந்து வளர்ந்தன. நேரான சாலைகள், வீட்டைச் சுற்றித் தோட்டம், பின்புறம் துப்புரவுச் சந்து என அமைந்த அந்தப் பகுதிகளில் வெளிச்சம் ஓர் அழகுப் பொருளாக மட்டும் கருதப்படவில்லை; அது உடல்நலத்தின் அடிப்படையாகவே மதிக்கப்பட்டது.

இன்று அத்தகைய தனி வீடுகள் பல, அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறிவிட்டன. முகவரி மாற்றப் படிவம் நிரப்புவதற்காக வங்கிக்கு வரும் மூத்த வாடிக்கையாளர்கள், விட்டுவந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது அறைகளின் எண்ணிக்கையைச் சொல்வதில்லை. வாசற்புறத்துச் செண்பகத்தையும் பின்கட்டுக் கறிவேப்பிலையையும்தான் நினைவுகூர்கின்றனர். தோட்டம் இப்போது பால்கனிக்கும் சன்னலோரத்துக்கும் சுருங்கிவிட்டது. அங்கும் ஒரு செடியை வைத்துப் பார்க்கும் ஆவல் பலருக்கு உண்டு. ஆனால் வாங்கி வந்த செடி மூன்று மாதத்தில் வாடிப்போனதும், "நமக்குக் கைராசி இல்லை" என்று மனம் சோர்ந்து விட்டுவிடுகின்றனர். செடி வளர்ப்பில் கைராசி என்று தனியாக ஒன்றும் இல்லை. உள்ளது வரவு செலவுக் கணக்கு மட்டுமே.

செடியின் வரவு செலவு

செடிக்கு நாம் இடும் உரம் உணவன்று. தன் உணவைச் செடி தானே, ஒளியைக் கொண்டு இலைகளில் தயாரித்துக்கொள்கிறது. ஆகவே செடியின் வருமானம் ஒளிதான். புதுத் தளிர் விடுவதும், வேர் நீட்டுவதும், நீரை உறிஞ்சி இலை வழியே ஆவியாக விடுவதும் அந்த வருமானத்தைக் கொண்டு நடக்கும் செலவுகள்.

வருமானம் குறைந்த குடும்பம் செலவைச் சுருக்குவது போலவே, ஒளி குறைந்த மூலையில் உள்ள செடி மெதுவாக வளர்கிறது. குறைவாகவே நீர் குடிக்கிறது. நாமோ வெயிலில் நிற்கும் செடிக்கு ஊற்றும் அளவையே அதற்கும் நாள்தோறும் ஊற்றுகிறோம். குடிக்கப்படாத நீர் மண்ணிலேயே தேங்குகிறது. மண் துகள்களின் இடையே காற்று இருக்க வேண்டிய இடத்தை நீர் அடைத்துக்கொள்ள, மூச்சுக் கிட்டாத வேர்கள் அழுகுகின்றன. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது; எனவே இலைகள் தொங்கிவிடுகின்றன. அதைக் கண்டு தாகம் என்று கருதி மேலும் ஊற்றுகிறோம். வீட்டினுள் வளரும் செடிகள் பெரும்பாலும் கவனக்குறைவால் மடிவதில்லை. மிதமிஞ்சிய அன்பினால் மடிகின்றன.

ஆகவே தொடங்குவோர்க்கு முதல் விதி இது: எந்தச் செடி வாங்கலாம் என்று கேட்கும் முன், நம் வீட்டில் எவ்வளவு ஒளி உள்ளது என்று கேட்க வேண்டும்.

ஒளியை அளந்து பார்ப்போம்

ஒளியின் அளவை மதிப்பிடுவதில் நம் கண் நம்பத்தக்கதன்று. குறைந்த வெளிச்சத்துக்கும் அது விரைவில் பழகிக்கொள்ளும். நண்பகல் வெயிலில் ஒளியின் அளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். வெயில் நேரே விழாத சன்னலோரத்தில் அது ஓரிரு ஆயிரமாகக் குறையும். அறையின் நடுவே சில நூறு லக்ஸ் இருந்தாலே பெரிது. நமக்கு 'நல்ல வெளிச்சம்' என்று தோன்றும் கூடம், செடிக்கு அந்தி நேரமாகவே இருக்கக்கூடும். திறன்பேசியில் ஒளியை அளக்கும் இலவசச் செயலிகள் உள்ளன. தோராயமான ஒப்பீட்டுக்கு அவை போதும்.

செயலி இல்லாவிடினும் ஓர் எளிய வழி உண்டு. முற்பகலில், செடி வைக்க எண்ணும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஒரு சாண் மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியே தெரியுமாறு கூர்மையான நிழல் விழுந்தால் அது நல்ல ஒளி. கையின் உருவம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் நடுத்தர ஒளி. நிழலே விழவில்லை என்றால் அவ்விடம் படத்துக்கோ பொம்மைக்கோ உரியது, செடிக்கு ஆகாது.

சன்னல் நோக்கும் திசையும் முக்கியம். பெங்களூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் உள்ளது. ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் நடுப்பகுதியிலும் இங்கு 'நிழலில்லா நாள்' வருகிறது. அன்று நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அவ்விரு நாட்களுக்கும் இடையே நண்பகற் சூரியன் சற்று வடபுறமாகவும், ஆண்டின் எஞ்சிய எட்டு மாதங்கள் தென்புறமாகவும் செல்கிறது. எனவே தெற்குச் சன்னலில் மழைக்காலம் கழிந்தபின் வெயில் உள்ளே நீளும். வடக்குச் சன்னலில் கோடையில் மட்டும் எட்டிப்பார்க்கும். காலையின் இளவெயில் கிட்டும் கிழக்குச் சன்னலே புதியவர்களுக்கு மிக ஏற்றது. மேற்குச் சன்னலின் பிற்பகல் வெயிலைத் தணிக்க மெல்லிய திரை வேண்டும்.

பெங்களூர் லால்பாகின் கண்ணாடி மாளிகைக்கு 1889-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கூரையின் கீழே செடிகளைக் காட்சிப்படுத்த விரும்பியவர்கள் அதன் கூரையையே கண்ணாடியால் அமைத்தார்கள். நம் வீட்டில் ஒரு சன்னல்தான் இருக்கலாம், பாடம் ஒன்றே. செடி ஒளியை நாடி வர இயலாது. ஒளி உள்ள இடத்துக்குச் செடியை நாம்தான் கொண்டுசெல்ல வேண்டும்.

முதற் செடிகள்

தொடக்கத்தில் ஒரு செடி போதும், மிஞ்சினால் மூன்று. பின்வருவன சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்பவை.

மணி பிளான்ட்: இதன் பூர்விகம் பசிபிக் பெருங்கடலில் உள்ள மூரியா தீவு. நடுத்தர ஒளியில் நன்கு வளரும். செல்வம் தரும் என்பது நம்பிக்கை; வங்கியில் பணிபுரியும் நாம் அதற்கு உத்தரவாதம் அளிக்க இயலாது. ஆனால் பெருகும் தன்மை உண்மையானது. ஒரு கணுவோடு வெட்டிய துண்டை நீரில் இட்டால் சில வாரங்களில் வேர் விடும். ஒரு கொடியிலிருந்து நான்கு, நான்கிலிருந்து பதினாறு என்னும் கூட்டு வட்டிக் கணக்கு இதற்குப் பொருந்தும்.

ஸ்நேக் பிளான்ட்: நம் ஊர்ப்புறங்களில் காணும் மருளின் இனம். தடித்த இலைகளில் நீரைச் சேமித்து வைப்பதால் இரண்டு, மூன்று வாரங்கள் நீரின்றித் தாங்கும். ஊற்ற மறப்பவர்களுக்கு ஏற்றது. ஊற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஏற்றதன்று.

ஸீஸீ பிளான்ட்: கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மண்ணுக்கடியில் கிழங்கு போன்ற பகுதியில் நீரைச் சேமிக்கும். குறைந்த ஒளியையும் பொறுத்துக்கொள்ளும். வளர்ச்சி மெதுவாக இருக்கும்.

ஸ்பைடர் பிளான்ட்: நீண்ட தண்டின் நுனியில் குட்டிச் செடிகளை ஈனும். அவற்றைப் பிரித்து நடலாம்.

அரேகா பாம்: மடகாஸ்கரின் பனை இனம். நல்ல ஒளியுள்ள கூடத்துக்கு உரியது. இடம் சற்று அதிகம் வேண்டும்.

துளசியையும் கற்பூரவள்ளியையும் வீட்டினுள் வைக்க விரும்புவோர் உண்டு. இவை வெயிலை விரும்புபவை. பால்கனியின் வெயில் படும் கைப்பிடிச் சுவரே இவற்றின் இடம்.

வாங்கும்போது இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பஞ்சு போன்ற வெண்மை மாவுப்பூச்சியின் அடையாளம். நாற்றங்காலில் பசுமை வலையின் கீழ் வளர்ந்த செடி, வீட்டுக்கு வந்ததும் ஓரிரு இலைகளை உதிர்ப்பது இயல்பு. உடனே தொட்டி மாற்றாமல் இரண்டு வாரம் பொறுத்திருங்கள். லால்பாகில் குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை மலர்க்கண்காட்சி நடைபெறுகிறது. ஆகஸ்டு மாதத்தில் காற்றில் ஈரம் இருப்பதால் அப்போது வாங்கும் செடி எளிதில் பழகிக்கொள்ளும்.

எப்போது நீர் ஊற்றுவது?

'திங்கள், வியாழன்' என்று கிழமை வைத்து ஊற்றக் கூடாது. மண்ணைக் கேட்டு ஊற்ற வேண்டும். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் நுழையுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்று ஊற்ற வேண்டியதில்லை. உலர்ந்திருந்தால், தொட்டியின் அடித்துளை வழியே நீர் வெளியேறும் வரை நன்றாக ஊற்றுங்கள். அரை மணி கழித்துத் தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். நாள்தோறும் அரைக் குவளை ஊற்றுவதைவிட, உலர்ந்தபின் முழுமையாக ஊற்றுவதே வேருக்கு நல்லது. ஸ்நேக், ஸீஸீ ஆகியவற்றுக்கு மண் முழுவதும் உலரும் வரை பொறுக்க வேண்டும். நீர் ஊற்றுமுன்னும் பின்னும் தொட்டியைத் தூக்கிப் பழகினால், சில வாரங்களில் கையே தராசாகிவிடும்.

நீர் என்பது பெங்களூரில் பொதுநலன் சார்ந்த பொருளும் ஆகும். இந்நகருக்குக் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேல்நோக்கி இறைத்துக் கொண்டுவரப்படுகிறது. 2024-ஆம் ஆண்டு மார்ச்சில் கடும் நீர்த்தட்டுப்பாடு நேர்ந்தபோது, குடிநீரைத் தோட்டத்துக்கும் வாகனம் கழுவவும் பயன்படுத்தப் பெங்களூரு குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறுவோர்க்கு அபராதம் ரூ. 5,000. சன்னலோரச் செடிகளுக்கு அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீரே போதுமானது. உப்புச் சேர்க்காத அந்த நீரை அன்றே ஊற்றிவிட வேண்டும். வைத்திருந்தால் புளித்து நாறும். நீர் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் நீரில் உப்பு செறிந்திருப்பதால் அதனைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணின் மேல் வெண்படலம் படியும். இலை நுனி கருகும். மாதம் ஒருமுறை மழைநீரையோ காவிரி நீரையோ மிகுதியாக ஊற்றி அந்த உப்பைக் கழுவிவிடலாம்.

மண்ணும் தொட்டியும்

பெங்களூரின் செம்மண் வளமானதே. ஆயினும் தொட்டிக்குள் தனியாக இட்டால் செங்கல் போல் இறுகிவிடும். செம்மண், கழுவிய தென்னை நார்த்தூள், மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, ஒரு பிடி பருமணலையோ பெர்லைட்டையோ சேர்த்தால் வேருக்குக் காற்றும் நீரும் ஒருசேரக் கிட்டும். நார்த்தூளில் இயல்பாகவே உப்பு இருப்பதால் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து பயன்படுத்த வேண்டும்.

அடியில் துளையில்லாத அழகுத் தொட்டியில் நேரடியாக நடுவது கூடாது. துளையுள்ள தொட்டியை அதனுள் இறக்கி வைக்கலாம். மண் தொட்டி, சுவர் வழியே ஈரத்தை விடும், விரைவில் உலரும். பிளாஸ்டிக் தொட்டி ஈரத்தைப் பிடித்துவைக்கும். அடிக்கடி ஊற்றும் பழக்கமுள்ளவர்க்கு மண் தொட்டியே காப்பு.

உரம் அளவோடு போதும். மார்ச் முதல் அக்டோபர் வரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் இட்டு, டிசம்பர், சனவரிக் குளிரில் நிறுத்திவிடலாம். அப்போது நீரையும் குறைக்க வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள இந்நகரின் காற்று மிக வறண்டிருக்கும். இலை நுனிகள் பழுப்பேறும். செடிகளை நெருக்கமாகச் சேர்த்து வைப்பதும், ஈரத் துணியால் இலைத் தூசியைத் துடைப்பதும் உதவும். தூசி படிந்த இலைக்கு வரும் ஒளி குறையும். அதாவது, வரவு குறையும்.

மாவுப்பூச்சி கண்டால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் இருபுறமும் தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் தொடர வேண்டும். நோயுற்ற தொட்டியை அதுவரை தனியே வையுங்கள்.

கவனிக்க வேண்டிய இரண்டு ஆபத்துகள்

முதலாவது டெங்கு. அதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டினுள் தேங்கும் தெளிந்த நீரையே தேடி வருகிறது. மணி பிளான்ட் வைத்த கண்ணாடிப் புட்டியும் தொட்டியின் அடித்தட்டும் அதற்கு வசதியான இடங்கள். முட்டை கொசுவாக மாற எட்டு முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே வாரம் இருமுறை நீரை மாற்ற வேண்டும். நீர்மட்டத்தின் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியுள்ள முட்டைகள், உலர்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருக்கும். எனவே நீரைக் கொட்டுவதோடு நில்லாமல் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவது இன்றியமையாதது.

இரண்டாவது நச்சு. சேனைக்கிழங்கும் சேம்பும் நாவில் அரிப்பதை நாம் அறிவோம். அவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவையே மணி பிளான்ட், ஸீஸீ, பீஸ் லில்லி, டிஃபன்பேக்கியா முதலியன. இவற்றின் இலையில் உள்ள கால்சியம் ஆக்சலேட் நுண்ணூசிகள், கடித்தால் வாயையும் தொண்டையையும் எரித்து வீங்கச் செய்யும். தவழும் குழந்தையோ நாய், பூனையோ உள்ள வீட்டில் இவற்றை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். ஸ்பைடர் பிளான்டும் அரேகா பாமும் நச்சற்றவை. அத்தகைய வீடுகளுக்கு அவையே ஏற்றவை.

காற்றைத் தூய்மையாக்குமா?

செடி விற்பனையில் அடிக்கடி கேட்கும் வாசகம், 'நாசா பரிந்துரைத்த காற்றுச் சுத்திகரிப்புச் செடி' என்பது. 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்வு உண்மையானதே. ஆனால் அது காற்றோட்டமற்ற சிறிய மூடிய பெட்டிகளில் நடத்தப்பட்டது. இத்தகைய ஆய்வுகளை 2019-இல் மீளாய்வு செய்த அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இயல்பான காற்றோட்டம் தரும் பயனுக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று கணித்தனர். காற்றைத் தூய்மையாக்கச் சன்னலைத் திறப்பதே எளிது. ஸ்நேக் பிளான்ட் இரவில் பிராணவாயு தரும் என்பதும் சரியன்று. அது இரவில் கரியமில வாயுவை உள்வாங்கிச் சேமிக்கிறது. பிராணவாயுவைப் பகல் ஒளியில்தான் வெளியிடுகிறது. மிகையான வாக்குறுதி தரும் முதலீட்டைப் போலவே, மிகையான வாக்குறுதியோடு விற்கப்படும் செடியையும் நிதானமாக ஆராய்ந்து வாங்குவோம்.

ஊருக்குச் செல்லும்போது

பத்து நாள் பயணம் செல்வோர் அஞ்ச வேண்டியதில்லை. புறப்படும் நாளில் நன்றாக நீர் ஊற்றி, செடிகளை வெயில் படாத வெளிச்சமான இடத்தில் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். நீர் மிகுதியாக வேண்டும் செடிக்கு, மூடிய வாளி நீரிலிருந்து தொட்டி மண் வரை தடித்த பருத்திக் கயிற்றைத் திரியாக இடலாம். தேவையான ஈரம் கயிறு வழியே ஏறும். வாளியின் மூடியில் கயிறு நுழையும் அளவுக்கு மட்டுமே துளை இருக்கட்டும். இல்லையேல் வீடு திரும்பும்போது கொசுக்கள் வரவேற்கும்.

மருந்தகச் சீட்டும் மின்கட்டணமும் மட்டுமே நாட்களை நினைவூட்டும் வீட்டில், ஒரு செடி வேறு வகையான நாட்காட்டியாக அமைகிறது. காலையில் எழுந்து மண்ணைத் தொட்டுப் பார்க்கவும், திரையை விலக்கவும், புதுத் தளிரை வீட்டாருக்குக் காட்டவும் அது ஒரு காரணம் தருகிறது. பெரிய தோட்டத்தை விட்டுச் சிறிய குடியிருப்புக்கு வந்தவர்களுக்கு இது சிறிய ஆறுதல் அன்று. வரும் ஞாயிறன்று எதையும் வாங்க வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு சன்னல் சன்னலாகச் சென்று கையின் நிழலைப் பாருங்கள். நிழல் தெளிவாக விழும் இடமே உங்கள் முதற் செடிக்குரிய இடம். அதற்குப் பொருத்தமான செடியைத் தேர்ந்தெடுக்க அடுத்த ஞாயிறு இருக்கிறது.